குப்புறப் படுத்துச் செய்த கற்கள்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒழுங்காகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் அம்மாவும் சுகம் என்று ஒரு வரி வரும். இந்தத் தடவை அதை எழுத முடியாததால்தான் இந்தக் கடிதமே. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, பக்கத்து அறையில் பெரியம்மாவோடு அவள் சண்டை போடுவது இங்கே கேட்கிறது. அம்மாவின் இடது கண்ணில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் பதில் சொல்லாமல் எழுந்து போனேன், அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் ஆய்வுக்கூடத்தில் பொய்ச் சான்றிதழ் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, வீட்டிலும் போட மாட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பாதி கேட்டதும் நீ பெட்டியைக் கையில் எடுத்துவிடுவாய். கடிதமென்றால் கடைசிவரை படித்தாக வேண்டும். படி. நடுவில் எழுந்திருக்காதே.

பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் விளையாடப் பொம்மை வீடு ஒன்று கேட்டிருக்கிறார் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். இரண்டு மாடி, ஓட்டுக் கூரை, சுற்றிலும் செங்கல் சுவர். அம்மா பொம்மை வீடு செய்து விற்கிறாள் என்று உனக்குத் தெரியுமே தவிர, அதில் செங்கல் எப்படி வருகிறது என்று நீ ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பிளைவுட்டில் சுவரை வெட்டி, வெள்ளைப் பசை தடவி, அதன்மேல் காகிதக் களிமண்ணை மெல்லிசாகத் தேய்த்து ஒட்டுவாள். காகிதக் கூழும் மண்ணும் சேர்ந்தது, பிசைந்த மாவு போல் பொட்டலத்தில் வரும், சூளை வேண்டாம், காற்றிலேயே காய்ந்துவிடும். ஈரம் கொஞ்சம் இழுத்ததும் மொட்டை ஊசியால் வரிவரியாகக் கீறி, பிறகு குறுக்கே கீறினால் செங்கல். பழைய பல் பிரஷ்ஷால் குத்தினால் சொரசொரப்பு. ஸ்கேல் வைத்தால் அச்சடித்த மாதிரி ஆகிவிடும் என்று அவள் வெறுங்கையால்தான் கீறுவாள், கீறினால் கொத்தனார் நூல் பிடித்துக் கட்டியது போல இருக்கும். எனக்கோ நாள் முழுக்க நிஜச் செங்கல்லையும் கான்கிரீட் கட்டியையும் எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பது வேலை, அதனால் வீட்டுக்கு வந்தும் வாய் சும்மா இருக்காது. மேல்வரியின் இணைப்பு கீழ்வரி இணைப்பின் தலையிலேயே விழக் கூடாது, மூலையில் அரைக்கல் வர வேண்டும் என்று சொல்வேன். பல் டாக்டர் என்ன இதுல குடியேறப் போறாரா என்று கேட்பாள். கேட்டுவிட்டு அரைக்கல்லும் வைப்பாள்.

அன்று மதியம் சமையலறை ஜன்னலோரம் மேஜையில் முன்சுவரைக் கீறிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனவன் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கோடுகள் சரியாக இருந்தன, நடுவுக்கு வரும்போது எல்லா வரியும் மேலே புடைத்து மறுபடி இறங்கின, சுவருக்கு வயிறு வந்த மாதிரி. என்ன இது, கோணலா இருக்கே என்றேன். நேராத்தானே இருக்கு என்றாள். எனக்குப் பொறுமை எவ்வளவு என்று உனக்குத் தெரியும், விவாதம் எதற்கு என்று என் பையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்கேல் வளைஞ்சிருக்கு, வேற கொண்டாங்க என்றாள். அது ஆய்வுக்கூடத்து ஸ்கேல், அது வளைந்தால் ஊரிலுள்ள கட்டடமெல்லாம் வளைய வேண்டும் என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவள் ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள், மற்றதை மூடினாள். ஜன்னலைப் பார்த்தாள், கதவு நிலையைப் பார்த்தாள். பிறகு அந்தச் சுவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கத்தியால் மண் முழுவதையும் வழித்துப் போட்டாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள், "ஜன்னல் கம்பியும் வளைஞ்சுதாங்க இருக்கு."

வலது கண் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மங்கல் என்பது உனக்குத் தெரியும், இத்தனை நுணுக்க வேலையும் இடது கண் ஒன்றை நம்பித்தான். மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் சுற்றி வளைக்காமல் பேசியதால் எனக்குப் பிடித்துப்போனது. கண்ணுக்குள்ளே பின்பக்கம் விழித்திரை என்று ஒரு படலம், அதன் நட்ட நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, கண்ணாடிப் பவர் அதிகமுள்ளவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, விட்டால் பெரிதாகும் என்றார். கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு வாயு நிரப்புவார்களாம், அந்தக் குமிழி போய் ஓட்டையை அழுத்திக்கொண்டிருந்தால் அது மெல்ல மூடுமாம். குமிழி மேலேதான் மிதக்கும், ஓட்டையோ கண்ணின் பின்பக்கம், ஆகவே பின்பக்கம் மேலே இருக்கும்படி ஆள் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும், சாப்பிடவும் கழிப்பறைக்கும் மட்டும் எழலாம், அப்போதும் தலை குனிந்தபடி. பார்வை திரும்பி வருமா, நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். ஓட்டை மூடும்னு நம்பலாம், பழைய பார்வை அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன் என்றார். எண்ணாகச் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டதற்கு, உங்க மனைவி எண் இல்லைங்க என்றார்.  வெளியே நர்ஸ் என்னைப் பார்த்து நீங்க அவங்க தம்பியா என்று கேட்டாள், எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை என்பது உன் அம்மாவுக்கு இந்த நேரத்திலும் கோபம் வரும் விஷயமாகத்தான் இருக்கிறது, கண்ணில் மருந்து ஊற்றியிருந்தும் அந்தப் பெண்ணை ஒரு முறை முறைத்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவள் கவலைப்பட்டது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று பல் டாக்டருக்குச் சொன்ன வாக்கு. இன்னொன்று நீ. கால் பிசகினதுக்கே ரயிலேறி வந்தவ, கண்ணுன்னு கேட்டா பரீட்சையை அப்படியே போட்டுட்டு வந்து நிப்பா என்றாள். ஆகவே பெரியம்மாவை மட்டும் வரவழைத்தோம். நான் பழைய கதவுப் பலகை ஒன்றில் முகம் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, விளிம்பைத் தேய்த்துப் பஞ்சும் துணியும் சுற்றி, கட்டிலின் தலைமாட்டில் பொருத்தினேன். முதல் தடவை நெற்றி அழுந்துகிறது என்றாள், அவிழ்த்து மறுபடி அகலப்படுத்தினேன். கட்டிலுக்குக் கீழே ஒரு முக்காலி, அதில் தண்ணீர்க் குவளையும் உறிஞ்சுகுழாயும். முதல் நாள் அவள் யாரோடும் பேசவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நான் குவளையை எடுக்கக் குனிந்தபோது முக்காலி ஈரமாக இருந்தது. அழுதால் கன்னத்தில் வழியக்கூட வழியில்லாமல் நேரே கீழே சொட்டியிருக்கிறது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லத்தான் வாய் வந்தது, துணியால் முக்காலியைத் துடைத்துவிட்டு வந்தேன். அந்த நாட்களில் நீ போன் செய்தபோது ஏம்மா உன் குரல் பானைக்குள்ளேர்ந்து வருதுன்னு கேட்டாய், ஜலதோஷம் என்றாள். ஜலதோஷம் இல்லை. பலகை ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கீழே நான் பிடித்திருந்த போனில் பேசிக்கொண்டிருந்தாள். நீ சிரித்தாய், அவளும் சிரித்தாள், போனை வைத்த பிறகு பெரியம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினாள்.

இரண்டாம் நாள் காலை அம்மா களிமண் பொட்டலம் கேட்டாள். பெரியம்மா, ஏண்டி கட்டின கண்ணோட உனக்கு என்னடி மண்ணு வேண்டிக்கெடக்கு என்று கத்தினாள். செங்கலுக்குத்தான் கோடு வேணும், கல்லுக்கு எதுக்குக் கோடு என்றாள் உன் அம்மா. முன்சுவர், பக்கச் சுவர் எல்லாவற்றையும் கருங்கல் சுவராக மாற்றிவிடலாம், கரடுமுரடாகப் பொறுக்கி அடுக்கின கல், ஒன்று போல் ஒன்று இருக்கவே கூடாது, அதற்குக் கண் வேண்டாம் என்றாள். பல் டாக்டரிடம் கேளுங்க என்று என்னை விரட்டினாள். நான் கேட்டேன், அவர் உடனே சரி என்றார், உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க, வீடு எங்கேயும் ஓடாது என்றார். பெரியம்மா, பல்லுல ஓட்டை அடைக்கிற மனுசனுக்குக் கண்ணுல ஓட்டைன்னா புரியாதா என்றாள், குப்புறப் படுத்தபடி உன் அம்மா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது, குமிழி நகர்ந்துவிடப் போகிறது என்று நான் இருவரையும் அதட்டினேன். அதிலிருந்து கட்டிலுக்குக் கீழே கை இரண்டும் தொங்க, முக்காலியில் வைத்த தட்டில் கல் செய்துகொண்டே இருந்தாள். கொஞ்சம் மண்ணைக் கிள்ளுவாள், விரலால் அமுக்குவாள், கசக்கி உருட்டின அலுமினியத் தாளை அதன்மேல் ஒற்றியெடுப்பாள், கல்லின் முகம் வந்துவிடும். ஓரத்தை நகத்தால் உடைப்பாள். மூலைக்கு வேண்டிய கல்லை மட்டும் தனியாக வைப்பாள், அது இரண்டு பக்கமும் முகமுள்ள கல். இதற்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒட்டும் வேலை என்னுடையது. அதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெரியம்மா உன்னிடம் பெரிதாக்கிச் சொல்வாள். பிளைவுட்டில் மண்ணைப் பூசிக் கற்களைப் பதித்து முடித்ததும், இது காய இத்தனை நாள் யார் காத்திருப்பது என்று சுவரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஜல்லியின் ஈரத்தை எடுக்கும் அடுப்புக்குள் வைத்துவிட்டேன். எங்கள் மேலாளர் ஜல்லித் தட்டு என்று நினைத்துத் திறந்து, கையளவு ஜன்னலோடு ஒரு வீட்டுச் சுவர் இருப்பதைப் பார்த்துவிட்டு, யார் வீடு வேகுது என்று கேட்டார். எடுத்தபோது பிளைவுட் படகு மாதிரி வளைந்திருந்தது, பாதிக் கற்கள் கழன்று கிடந்தன. ஒரு பக்கம் மட்டும் ஈரமண் பூசினால் அது காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும் என்பதைக் கான்கிரீட் தளத்துக்கு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பொம்மை என்றதும் விதி மாறிவிடும் என்று நினைத்திருக்கிறேன் போல. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா திட்டவில்லை, கழன்ற கல்லைத் தட்டில் போடுங்க, உடைஞ்சதைத் தனியா வைங்க என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புதுப் பலகை வெட்டி, இரண்டு பக்கமும் பசை அடித்து, பின்பக்கமும் அதே கனத்துக்கு மண் பூசி, அறைக்குள்ளேயே நிழலில் நிறுத்தி வைத்தேன். தினமும் திருப்பி வைக்க வேண்டும். வைத்தேன். வளையவில்லை. நிறத்தையும் நான் கெடுத்தேன், கறுப்பு இத்தனை சொட்டு வெள்ளை இத்தனை சொட்டு என்று அளந்து கலந்து அடித்ததில் எல்லாக் கல்லும் ஒரே சாம்பல், பெரியம்மா சிமெண்ட் மூட்டை அடுக்கின மாதிரி இருக்கு தம்பி என்றாள். அம்மா பார்க்காமலே, பிரஷ்ஷைக் கழுவாதீங்க, அழுக்கு பிரஷ்ஷோடயே அடுத்த நிறத்துல முக்குங்க, நடுநடுவே டீத் தண்ணியை விட்டுத் துணியால ஒத்தி எடுங்க என்றாள். இப்போது கல்லாக இருக்கிறது. பிள்ளைகள் கை படும் என்பதால் மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்திருக்கிறேன்.

இனி கண்ணைப் பற்றி. குப்புறப் படுக்கும் நாட்கள் முடிந்தன. குமிழி தானாகவே கரைந்துவிட்டது. கரையும்போது அவளுக்குப் பார்வையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்திருக்கிறது, தலையைச் சாய்த்தால் அதுவும் ஆடி மறுபடி மட்டமாக நிற்குமாம், கண்ணுக்குள்ள கொத்தனார் ரசமட்டம் வெச்ச மாதிரி இருக்குங்க, உங்களுக்குத்தான் இது வந்திருக்கணும் என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு ஓட்டை மூடிவிட்டது என்றார். அதைக் கேட்டதும் நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மூடியதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெரிய எழுத்து தெரிகிறது, சின்ன எழுத்து தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தால் மூக்குப் பக்கம் கொஞ்சம் கசங்கித் தெரிகிறதாம், முன்னைவிடப் பரவாயில்லை என்று பெரியம்மாவிடம் சொல்கிறாள். மாதக் கணக்கில் இன்னும் கொஞ்சம் தெளியலாம், இவ்வளவோடு நிற்கவும் நிற்கலாம். செங்கல் வேலை இனி அவளால் முடியுமா என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று தட்டில் மீந்த கற்களை விரலால் தடவித் தடவிப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. 

உனக்கும் அம்மாவின் கண்தான், கண்ணாடியும் அதே கனம். ஆகவே இதை ஒழுங்காகச் செய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பார், பிறகு மற்றதை மூடிப் பார். நிலை எங்காவது வளைந்தாலோ நடுவில் இருட்டாக இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ, பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதே. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள். பட்டறையில் கடைசல் எந்திரத்தின் முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்காதே, கூட இருப்பவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். வேளை தவறிச் சாப்பிடாதே. கப்பல் எஞ்சின் பாடத்தில் ஏதாவது புரியாவிட்டால் வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பு, எஞ்சின் எனக்குத் தெரியாது, ஆனால் கணக்கு தெரியும்.

இப்போது முக்கியமானது. வராதே. இது அம்மாவின் கட்டளை, என்னுடையதும். நீ வந்தால் செய்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை, சொட்டு மருந்து நான் விடுகிறேன், சமையல் பெரியம்மா செய்கிறாள், ஆபரேஷன் முடிந்துவிட்டது. இந்தப் பரீட்சையை விட்டால் அடுத்த வருடம்தான், கப்பலில் ஏறுவதும் அடுத்த வருடம்தான். உன் படிப்பு தன் கண்ணால் கெட்டது என்று அவள் நினைக்க ஆரம்பித்தால் அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. போன் செய்யும்போது தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் உனக்கு நடிக்க வராது, இரண்டாவது வார்த்தையில் குரல் உடைந்துவிடும். ஆகவே அப்பா எல்லாம் எழுதிவிட்டார் என்றே சொல். அவள் திட்டுவது என்னைத்தான், அது எனக்குப் பழக்கம்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது அம்மா நான் எழுதும் அறையின் வாசலில் வந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்திருக்கிறாள். பேனா சத்தம் நெடுநேரமாகக் கேட்கிறதே, ஆபீஸ் ரிப்போர்ட்டா என்று கேட்டாள். உன் மகளுக்குக் கடிதம் என்றேன். படிங்க என்றாள். என்னால் வேறு மாதிரி படித்துக் காட்டியிருக்க முடியும், அவளால் இந்த எழுத்தை வாசிக்க முடியாது. அதனாலேயே ஒரு வரி விடாமல் அப்படியே படித்தேன், முக்காலி ஈரமானதைக்கூட. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் சொல்லிட்டீங்களா என்றாள். சொல்லிட்டேன் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த வராதேன்னு எழுதினதை மட்டும் அடிச்சிடுங்க."

நீதானே சொன்னாய் என்றேன். சொன்னேன் என்றாள். அப்புறம், பரீட்சையை எழுதிட்டு வரட்டும், எழுதாம வந்தா நான் பேச மாட்டேன், ஆனா வராதேன்னு எழுத வேண்டாங்க, அதைப் படிச்சா அவ நெஜமாவே வராம இருந்துட்டா என்ன பண்றது என்றாள்.

அடித்துவிட்டேன். நீ மேலே பார்த்திருப்பாய், அந்த வார்த்தையின்மேல் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு, ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம், ஒரு நாள் பின்னாலும் வேண்டாம். எந்த ரயில் என்று எழுது, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன், அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள்.

எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, பெரியம்மா தன்னுடையதையும் தனியாக எழுதச் சொல்கிறாள். நல்லபடி எழுது, திடமாக இரு. கண் பரிசோதனையை மறக்காதே, அதைச் செய்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி போடு, எதையும் குறைக்காமல்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா